பெட்டிக்காரர்

முதலில் ஒரு சின்ன க்விஸ். பரிசு கிடையாது. அதனால் பயப்படாமல் விளையாடலாம்.

1969-ல் வந்த 'ஆராதனா' படத்தில் 'ரூப் தேரா மஸ்தானா' பாட்டுக்கு இசை யார்? எஸ்.டி. பர்மன். சபாஷ். எழுதியது? ஆனந்த் பக்ஷி. பாடியது? கிஷோர் குமார். சிறந்த பின்னணிப் பாடகர் என்று அவருக்கு முதல் பிலிம்ஃபேர் விருது வாங்கிக் கொடுத்த பாட்டு அது. நடித்தது? ராஜேஷ் கன்னா, ஷர்மிளா டாகூர். இதற்கு ஆளாளுக்குக் கையைத் தூக்குகிறீர்கள், தெரிகிறது. கையை இறக்குங்கள்.

கடைசிக் கேள்வி. பாட்டு முழுக்க, கிஷோர் குரலுக்கு ஒரு அடி பின்னாலேயே, ஒரு வாத்தியம் பெருமூச்சு விட்டுக்கொண்டு வருகிறதே... அதை வாசித்தது யார்?

அமைதி. 'இந்த வவுச்சர் எங்கே?' என்று ஆடிட்டர் கேட்டதும் ஆபீஸில் ஒரு அமைதி விழுமே, அதே அமைதி.

விடை: கெர்சி லார்ட். பம்பாய்க்காரர், பார்ஸி. 1935-ல் பிறந்தவர். 2016 அக்டோபரில் தன் 81-வது வயதில் காலமானார். வாசித்த வாத்தியம் அக்கார்டியன். எதிர்வீட்டு ரேடியோவில் கேட்டிருப்பீர்கள், டீக்கடையில் கேட்டிருப்பீர்கள், மொபைலில் டவுன்லோடு பண்ணி வைத்திருப்பீர்கள். ஆள் பேர் மட்டும் தெரியாது.

'விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு இந்திப் பாட்டு ஆராய்ச்சி எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1965-ல் ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்த அதே தமிழ்நாடுதான், நாலு வருஷம் கழித்து இந்த இந்திப் படத்தை விழுந்து விழுந்து பார்த்தது. ஒரு வரி அர்த்தம் தெரியாமல் பாட்டை மனப்பாடம் பண்ணியது. பிறகு 1974-ல் சிவாஜியை வைத்து 'சிவகாமியின் செல்வன்' என்று தமிழிலும் எடுத்தார்கள். பாஷை புரியாதவனுக்கு ஒரு பாட்டு பிடித்துப்போகிறது என்றால், அதில் பாதி புண்ணியம் வாத்தியக்காரர்களுக்குத்தான் போகவேண்டும். புண்ணியத்தைப் பங்கு பிரித்தபோது அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

* * *

அக்கார்டியன் தெரியாதவர்களுக்கு: நம் ஆர்மோனியப் பெட்டியை எடுத்து நிமிர்த்தி, இரண்டு வாரைப் போட்டு மார்போடு கட்டிக்கொண்டால் கிட்டத்தட்ட அக்கார்டியன். வலது பக்கம் பியானோ மாதிரி கட்டைகள். இடது பக்கம் வரிசை வரிசையாகப் பொத்தான்கள். நடுவில் துருத்தி. முழு சைஸ் வாத்தியத்தில் கட்டைகள் 41, பொத்தான்கள் 120. வலது கை மெட்டு வாசிக்கவேண்டும், இடது கை பொத்தானும் அமுக்கவேண்டும், அதே இடது கை துருத்தியை இழுத்துத் தள்ளவும் வேண்டும். எடை பத்துக் கிலோ சுலபமாக வரும். பத்துக் கிலோ துவரம்பருப்பை மார்பில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் டைப் அடித்து, இன்னொரு கையால் கதவைத் திறந்து திறந்து மூடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முகத்தில் சிரிப்பும் இருக்கவேண்டும்.

உள்ளே இருப்பது மெல்லிய உலோக நாக்குகள். காற்று போனால் அதிரும். ஆர்மோனியத்திலும் இதேதான். 1829-ல் வியன்னாவில் சிரில் டேமியன் என்பவர் 'அக்கார்டியன்' என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். ஐரோப்பா முழுக்கக் கல்யாணம், சாராயக்கடை, கப்பல்தளம் என்று பரவியது. ஏழைகளின் ஆர்கெஸ்ட்ரா. ஒரே ஆள் மெட்டும் போட்டு, சுருதியும் சேர்த்து, தாளத்தையும் பார்த்துக்கொள்ளலாமே!

இந்தக் குடும்பத்துக்கே பெரிய இடத்தில் மரியாதை கிடையாது. நம் ஆர்மோனியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கமகம் வராது, அந்நிய வாத்தியம்' என்று 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ அதற்குத் தடை போட்டது. சுதந்திரம் வந்தது, அரசியல் சட்டம் வந்தது, தடை மட்டும் 1971 வரைக்கும் நகரவில்லை. மேல்நாட்டில் அக்கார்டியனுக்குத் தடை இல்லை, ஜோக்தான். நமக்கு மாமியார் ஜோக் மாதிரி அவர்களுக்கு அக்கார்டியன் ஜோக்.

ஜாஸ்காரர்களும் இதை வாசலிலேயே நிற்க வைத்தார்கள். ஜாஸ் என்றால் டிரம்பெட், சாக்ஸபோன், பியானோ. மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அவரவர் கற்பனைக்கு விரித்துக்கொண்டு போகவேண்டும், நம்மவர்கள் கல்பனாஸ்வரம் பாடுகிற மாதிரி. அதில் இந்தத் துருத்திப் பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வாசித்தே பதில் சொன்னவர் ஆர்ட் வான் டாம் என்கிற அமெரிக்கர். 1920-ல் பிறந்து 2010-ல் மறைந்தவர். அக்கார்டியன், வைப்ரஃபோன், கிடார், பாஸ், டிரம்ஸ் என்று ஐந்து பேர் செட். சாக்ஸபோன் பேச வேண்டிய இடத்தில் அக்கார்டியனைப் பேசவைத்துக் காட்டினார். 'ஜாஸ் அக்கார்டியன்' என்று ஒரு ஜாதி உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டது.

இப்போது பம்பாய்க்கு வருவோம். அங்கே ஒரு பார்ஸி வீட்டில் அதில் பாதி செட் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது.

* * *

அப்பா காவஸ் லார்ட். ஜாஸ் பாண்டுகளில் டிரம்ஸ் வாசித்தவர். பாங்கோ, காங்கோ மாதிரியான லத்தீன் அமெரிக்கத் தாள வாத்தியங்களை இந்தி சினிமாவுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். பெரியவன் கெர்சி. கட்டை வைத்த எதைக் கண்டாலும் கை போகும். தம்பி புர்ஜோர். 'புஜி' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். வைப்ரஃபோனும் டிரம்ஸும் அவன் பாடு. பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

பம்பாயில் ஜாஸ் அப்போது சாதாரண விஷயம் இல்லை. 1930-களில் தாஜ்மகால் ஹோட்டலில் அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்கள் வாசித்தார்கள். டெடி வெதர்ஃபோர்டு என்ற பியானோக்காரர் இங்கேயே தங்கி, 1945-ல் கல்கத்தாவில் காலராவில் செத்துப்போனார். அவர்களைக் கேட்டுக் கேட்டு கோவாக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் பார்ஸிகளும் கற்றுக்கொண்டார்கள். சிக் சாக்லேட் என்று ஒரு கோவாக்காரர், 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்றே பேர். சுதந்திரத்துக்குப் பிறகு பம்பாயில் மதுவிலக்கு வந்தது. கிளாஸ் காலியானால் டான்ஸ் ஹாலும் காலி. பாண்டுக்காரர்களுக்குச் சாப்பாடு வேண்டுமே! டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு சினிமா ஸ்டூடியோ வாசலுக்கு வந்தார்கள்.

இந்தி சினிமா இசை அந்த வாசலில்தான் மாறியது. அவர்களுக்கு நோட்டு எழுதத் தெரியும், படிக்கத் தெரியும், ஐம்பது பேரை ஒரே மூச்சில் வாசிக்க வைக்கத் தெரியும். மியூசிக் டைரக்டர் ஆர்மோனியத்தில் நாலு வரி மெட்டுப் போட்டு முனகிக் காட்டுவார். அதற்கு முன்னிசை, இடையிசை, வயலின் எங்கே ஏறணும், புல்லாங்குழல் எங்கே இறங்கணும் என்பதையெல்லாம் எழுதித் தருகிறவருக்கு 'அரேஞ்சர்' என்று பெயர். கோவாக்காரர் செபாஸ்டியன் டிசோஸா அப்படித்தான் சங்கர்-ஜெய்கிஷனுக்கு எழுதினார். நீங்கள் குளிக்கும்போது முணுமுணுக்கிற இடையிசையை மியூசிக் டைரக்டரே போட்டார் என்று அடித்துச் சத்தியம் பண்ணாதீர்கள். அது அரேஞ்சர் வேலையாக இருக்க நிறைய சான்ஸ் இருக்கிறது.

கெர்சி டீன் ஏஜிலேயே அப்பாவோடு ரெக்கார்டிங்குக்குப் போக ஆரம்பித்தார். நௌஷாத் குழுவில் அரிச்சுவடி. பிறகு அக்கார்டியன், பியானோ, வைப்ரஃபோன், கிளாக்கென்ஸ்பீல் என்று கைக்குக் கிடைத்த எல்லாம். கிளாக்கென்ஸ்பீல் என்றால் பல்லில் மாட்டிக்கொள்ளாதீர்கள், சின்னச் சின்ன இரும்புப் பட்டைகளைச் சுத்தியால் தட்டினால் கிணுகிணு என்று வரும். 1961-ல் 'ஹம் தோனோ' படத்தில் தேவ் ஆனந்த் சிகரெட் லைட்டரைத் திறந்தால் ஒரு மெட்டு வருமே, அந்தக் கிணுகிணு இவர் கைதான். லைட்டரை வாங்க அலைந்த இளைஞர்கள் உண்டு. கையைத் தேடியவர்கள் இல்லை. போகப் போக அரேஞ்சர், பின்னணி இசை என்று வளர்ந்தார். ஆர்.டி. பர்மன் கூடாரத்தில் முக்கியமான ஆள்.

சரி, அந்த 'ஆராதனா' பாட்டுக்கு மறுபடி வாருங்கள். டைரக்டர் சக்தி சாமந்தா அதை ஒரே ஷாட்டில் எடுத்தார். வெளியே மழை, உள்ளே நெருப்பு, இரண்டு பேர், சுற்றிச் சுற்றி வருகிற காமிரா. நடுவில் ஒரு வெட்டு கிடையாது. காமிரா வெட்டாமல் ஓடினால் பார்க்கிறவனுக்கு எங்கே மூச்சு விடுவது என்று தெரியாது. அந்த வேலையை அக்கார்டியன் எடுத்துக்கொள்கிறது. கிஷோர் ஒரு வரி பாடி நிறுத்துகிறார், அக்கார்டியன் இழுத்துவிட்டு நிற்கிறது. மனோகரி சிங்கின் சாக்ஸபோன் ஒரு பக்கம் உறுமுகிறது, கெர்சியின் துருத்தி இன்னொரு பக்கம் கேள்வி கேட்கிறது. ஒரு கேள்வி முடிவதற்குள் இன்னொன்று. இதுதான் ஜாஸ் ரத்தம். மெட்டு வங்காளத்து மண், அதைச் சுற்றி நடக்கிற பேச்சு பம்பாய் ஜாஸ் கிளப். பியானோவில் விசையை அமுக்கினால் சத்தம் பிறந்து தானாகச் செத்துவிடும். அக்கார்டியனில் பிறந்த சத்தத்தை நடுவழியில் பெரிதாக்கலாம், நடுங்க வைக்கலாம், அடக்கலாம். எல்லாம் காற்று. அதனால்தான் அது பெருமூச்சு மாதிரி கேட்கிறது. உண்மையிலேயே அது பெருமூச்சுதான்.

* * *

பிலிம்ஃபேர் மேடையில் கிஷோர் இருந்தார். ரெக்கார்டு உறையில் எஸ்.டி. பர்மன் இருந்தார். கெர்சி எங்கே இருந்தார்? அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ரெக்கார்டிங்கில் இருந்தார்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதைக் கணக்குப் பாஷையில்தான் சொல்ல வரும். வாத்தியக்காரரின் கூலி, கம்பெனிக்கு அன்றைய செலவுக் கணக்கு. பாட்டு, சொத்துக் கணக்கு. சொத்தின் மதிப்பு வருஷா வருஷம் ஏறுகிறது. கேசட், சி.டி., காலர் ட்யூன், ரீமிக்ஸ், மொபைல் ஆப் என்று ஒவ்வொரு ஜென்மத்திலும் புதிதாக வரவு வைக்கிறது. தேய்மானம் மட்டும் வாத்தியக்காரர் பேரில்.

பேர் போடுகிற விஷயத்தில் நாம் கஞ்சர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். விருதுநகரில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினால், முதலில் கேட்பது 'பேர் வெட்டணுமா?'. கல்யாணத்துக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தால் அடியில் மூன்று தலைமுறைப் பேர். கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் கொடுத்தால், 'உபயம்' என்று ஆரம்பித்து, அப்பா பேர், கடைப் பேர், போன் நம்பர் வரைக்கும் சிவப்புப் பெயின்டில் எழுதி, வெளிச்சம் வருவதற்கு அரை இஞ்ச் இடம் விட்டுக் கொடுப்போம்.

அதே நாம், பக்கத்து சிவகாசிக்குப் போனால் கதை வேறு. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த ஊர். பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் என்று நாடு முழுக்க இந்த ஊர் அச்சடித்த பேரைத்தான் பார்க்கிறது. ஒரு பட்டாசுப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனிப் பேர் இருக்கும், லைசென்ஸ் விவரம் இருக்கும், விலை இருக்கும், சம்பந்தமே இல்லாமல் ஒரு சினிமா நடிகை கூட இருப்பார். உள்ளே திரி வைத்துக் கட்டின அக்கா பேர் மட்டும் இருக்காது. காலண்டரில் கோவில்பட்டி கொண்டையராஜு மாதிரி ஓவியர்கள் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதனால் நமக்கு அவர்களைத் தெரியும். அந்த முருகனின் கன்னத்துக்கு மிஷினில் சரியான ரோஸ் கலர் கொண்டுவந்த கைக்கு ஓரத்தில் இடமில்லை.

சினிமாவிலும் இதே சிவகாசிச் சட்டம்தான். மேலே கம்பெனி லேபிள், உள்ளே பேர் இல்லாத கை. நம் பக்கமும் விதிவிலக்கு இல்லை. எம்.எஸ்.வி. பாட்டில் அக்கார்டியன் குழைவதை ரசித்துத் தலையாட்டாத தமிழன் கிடையாது. அவர் குழுவில் அக்கார்டியன் வாசித்த மங்களமூர்த்தியைத் தெரியுமா என்று கேட்டால், 'எந்தத் தெருவுல இருக்காரு?' என்பார்கள். 1964-ல் 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒரு ரெக்கார்டிங்கை அப்படியே காட்டினார்களே, எம்.எஸ்.வி. நின்றுகொண்டு கையை வீசுவார், டி.எம்.எஸ். மைக் முன்னால் நிற்பார். அந்த மாதிரி அபூர்வமான ஒன்றிரண்டு காட்சியைத் தவிர, வாத்தியக்காரர்களுக்குத் திரையில் முகமே கிடையாது.

பம்பாயில் ஒரே ஒருவருக்கு மட்டும் லாட்டரி அடித்தது. ஆன்டனி கோன்சால்வெஸ் என்ற வயலின்காரர், பியாரேலாலின் குரு. 1977-ல் 'அமர் அக்பர் ஆன்டனி' படத்தில் சிஷ்யர் குருவின் பேரையே பாட்டில் போட்டுவிட்டார். முட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து அமிதாப் பச்சன் ஆடினார். இந்தியா முழுக்க அந்தப் பேரைப் பாடியது. அப்படி ஒருவர் நிஜமாகவே இருக்கிறார் என்பது பாடினவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

* * *

கெர்சி கதையில் ஒரு திருகல் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இது வெறும் அனுதாபக் கட்டுரையாகிவிடும்.

1973-ல் அவர் ஒரு புதுப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தார். மினிமூக் சிந்தசைஸர். அமெரிக்காவில் மூக் கம்பெனி 1970-ல் விற்க ஆரம்பித்த சரக்கு. துருத்தி இல்லை, நாக்கு இல்லை, காற்று இல்லை. மின்சாரத்திலிருந்தே சத்தம். இந்தி சினிமாவுக்குள் சிந்தசைஸரைக் கொண்டுவந்தவர் என்று கெர்சியைச் சொல்கிறார்கள். அக்கார்டியனுக்கு உயிர் கொடுத்த அதே விரல்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரியும். மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், அதனால் முதலில் யாருக்கும் ஆபத்தில்லை. அதன் பேரன் பேத்திகள் வந்தன. எண்பதுகளில் ஒரு கீபோர்டுக்குள் புல்லாங்குழல், வயலின், டிரம்பெட், ஏன், அக்கார்டியன்கூட வந்து உட்கார்ந்துகொண்டது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர். அறுபது வயலின்காரர்கள் வரிசையில் உட்கார்ந்த ஸ்டூடியோவில் ஆறு பேர் போதும் என்றானது. பிறகு அந்த ஆறு பேரும் எதற்கு என்றானது. அக்கார்டியன் வாரைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தவர்கள் நிறையப் பேர்.

அப்படியானால் கெர்சி வில்லனா?

இந்தக் கேள்வியை நான் திருத்தங்கலில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர். சிவகாசி அச்சகங்களில் நாற்பது வருஷம் உழைத்தவர். முதலில் கையால் கலர் பிரித்த காலம், அப்புறம் காமிரா, அப்புறம் கம்ப்யூட்டர் வந்து அவரை மெதுவாக வாசல் பக்கம் நகர்த்திக் கொண்டுவந்து விட்டது. இளமையில் இன்னொரு அவதாரமும் உண்டு. பங்குனிப் பொங்கல், ஆடிக் கொடை என்று கோயில் மேடைகளில் மெல்லிசைக் குழுவில் அக்கார்டியன்.

"பெட்டி இப்ப எங்க அண்ணாச்சி?"

"வித்தாச்சு தம்பி. மூத்தவ கல்யாணத்துக்கு. அதுக்கு முன்னாலேயே அது சும்மாதான் கெடந்துச்சு. கீபோர்டு வந்துருச்சுல்ல?"

"அந்தக் கீபோர்டு வாசிக்க வந்தவன் மேல கோவம் வரலையா?"

சிரித்தார். "அவன் எங்கிட்ட வாசிக்கக் கத்துக்கிட்ட பயதான். நல்லா வாசிக்கிறவன்தான் புதுப் பெட்டிய மொதல்ல தொடுவான் தம்பி. வாசிக்கத் தெரியாதவன் பழசக் கட்டிக்கிட்டு அழுவான்."

பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "மிஷின் வந்ததுல வருத்தமில்ல. பிரஸ்ஸுலயும் சரி, மேடையிலயும் சரி, நான் நின்னதுக்கப்புறம் 'எங்க அந்த ஆளக் காணும்'னு ஒருத்தரும் கேக்கல. பேர் தெரிஞ்சாத்தான கேப்பாங்க? 'பெட்டிக்காரரு வரலையா'ன்னு ரெண்டு வருசம் கேட்டாங்க. பொறவு அதுவும் இல்ல."

பேசும்போது அவருடைய இடது கை மட்டும் தானாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்து செய்கிற மாதிரி தெரியவில்லை.

* * *

அவர் சொன்னதற்கு நம் பார்லிமென்ட்டே ஒரு அடிக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்ல திருத்தம்தான். பாட்டு எழுதியவர், மெட்டுப் போட்டவர், பாடியவர் எல்லோருக்கும் பாட்டு சம்பாதிப்பதில் ராயல்டி உரிமை வந்தது. 'நிகழ்த்தும் கலைஞர்' என்ற பட்டியலில் வாத்தியக்காரரும் உண்டு. ஆஹா என்று கை தட்டுவதற்குள் கீழே ஒரு நிபந்தனை. சினிமாவில் ஒருவருடைய பங்கு போகிற போக்கில் வந்து போவதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேர் டைட்டிலில்கூடப் போடப்படாமல் இருந்தால், அவர் கலைஞர் கணக்கில் வரமாட்டார். தன் வாசிப்பைச் சிதைத்தால் ஆட்சேபிக்கிற உரிமை ஒன்றைத் தவிர அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

கூட்டத்தில் நடந்து போகிறவர்களை நினைத்து எழுதின வரியாக இருக்கலாம். ஆனால் படிக்கும்போது எனக்கு அக்கார்டியன் சத்தம் கேட்டது. பேர் போடும் வழக்கம் இல்லை, அதனால் பேர் போடவில்லை. பேர் போடவில்லை, அதனால் உரிமை கேட்க ஒரு தாள் இல்லை. வாத்தியக்காரர் செய்தது 'போகிற போக்கில்' செய்த வேலை இல்லை என்று நிரூபிக்கவேண்டிய பாரமும் அவர் தலையில்தான் வந்து விழும். பத்துக் கிலோவோடு இதையும் சேர்த்துச் சுமக்கவேண்டும்.

அக்கவுன்டன்ஸி முதல் வருஷத்திலேயே ஒன்று சொல்லித் தருவார்கள். பேரேட்டில் கணக்கு இருக்கிற ஒருவரை மூடவேண்டுமானால் ஒரு என்ட்ரி போடவேண்டும், பாக்கி தீர்க்கவேண்டும், காரணம் எழுதவேண்டும். பேரேட்டில் பேரே இல்லாதவரை மூடுவதற்கு எதுவும் வேண்டாம். அவர் பாட்டுக்கு இல்லாமல் போவார். கீபோர்டு வந்ததால் வாத்தியக்காரர்கள் காணாமல் போனார்கள் என்கிறோம். கீபோர்டுக்கு முன்னாலேயே நம் பேரேட்டில் அவர்கள் இல்லை. மிஷின் வந்து செய்ததெல்லாம், இல்லாத கணக்குக்குக் கீழே கோடு போட்டதுதான். கெர்சி கொண்டுவந்த பெட்டி மேல் பழியைப் போடுவது, வட்டி வாங்கினவனை விட்டுவிட்டு கால்குலேட்டரைத் திட்டுகிற கதை.

கெர்சிக்கு ஒரு ஆறுதல் கடைசிக் காலத்தில் கிடைத்தது. கிரெகரி பூத் என்ற வெளிநாட்டுப் பேராசிரியர் பம்பாய்க்கு வந்து, வயதான வாத்தியக்காரர்களை வீடு வீடாகத் தேடிப் பேசி, 2008-ல் ஒரு தடிமனான புத்தகம் போட்டார். லார்ட் குடும்பத்தைப் பற்றியே ருத்ரதீப் பட்டாசார்ஜி என்பவர் 2012-ல் 'தி ஹ்யூமன் ஃபேக்டர்' என்று ஒரு டாகுமென்டரி எடுத்தார். அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அத்தனை வருஷம் வாசித்ததற்கு, கடைசியில் ஒரு படத்தின் டைட்டில் அவர்கள் பக்கம் திரும்பியது. ஒரு பாட்டு பிறக்கும்போது ஒரு நிமிஷத்தில் எழுதியிருக்கக்கூடிய பேரை, நாற்பது வருஷம் கழித்து ஒரு பேராசிரியரும் ஒரு காமிராவும் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது.

இன்றைக்கு மொபைல் ஆப்பில் பாட்டைப் போட்டால் பாடியவர் பேர், இசையமைப்பாளர் பேர், கம்பெனி பேர், பாட்டு வரி எல்லாம் ஓடுகிறது. இடம் இல்லை என்று இப்போது யாரும் சொல்லமுடியாது. ரெக்கார்டு உறையில் இடம் இல்லை என்று சொன்னது ஒரு காலம். சில புதுப் படங்களில் ஆல்பத்தோடு வயலின் யார், கிடார் யார் என்று வரிசையாகப் போடுகிறார்கள். கண்ணில் பட்டால் ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். படிக்க ஆள் இருந்தால்தான் போடுவார்கள்.

பெரிய பம்பாய் நமக்கு எட்டாது. எட்டுகிற தூரத்தில் ஒன்று சொல்கிறேன். விருதுநகர் வட்டாரத்தில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நோட்டீஸ் அடிக்காத தெரு கிடையாது. 'இன்னிசைக் கச்சேரி' என்று ஒரு வரி போடுவோம், குழுவின் பேர் போடுவோம். அதற்குக் கீழே தபேலா யார், கிடார் யார், கீபோர்டு யார் என்று இன்னும் ஒரு வரி போடச் சொல்லுங்கள். சிவகாசியில் ஒரு வரி கூடினால் யாரும் தனி பில் போடுவதில்லை.

'நோட்டீஸில் இடமில்லையே' என்று கமிட்டியில் யாராவது இழுத்தால், உபயதாரர்கள் பட்டியலில் ஒரு ட்யூப் லைட்டைக் கழற்றச் சொல்லுங்கள். வெளிச்சமும் கொஞ்சம் கூடும்.